மூன்றாவது மானியின் கோடு

'நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு மேடம்.'

இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகாவது இந்தப் பேச்சிலிருந்து விடுதலை கிடைக்கும் என்று நினைத்தேன். எங்கே? போன வாரம்கூட, இப்போது கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் உங்களில் ஒருவர் போன் போட்டு, சர்வரில் யாரும் எதையும் தொடவில்லை, ஆனால் காலையிலிருந்து தப்புத் தப்பாகக் காட்டுகிறது என்று புலம்பினார். நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமே செய்யவில்லை, ஒரு தடவை அணைத்துப் போட்டோம், அவ்வளவுதான் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கோபித்துக்கொண்டாரோ என்னவோ, அதன் பிறகு போனே இல்லை. அவரிடம் சொல்ல நினைத்ததை இங்கே உங்கள் எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் உங்களுக்குத் தெரிந்த விஷயம். தெரிந்ததுதான், ஆனாலும் கேளுங்கள். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து யூனிக்ஸ் என்ற மென்பொருளில் ஓடும் மிஷினுக்குள் நுழையும்போது, அது உங்கள் பெயரில் இருக்கும் ஒரு சின்ன ஃபைலைத் தானாகவே எடுத்துப் படிக்கிறது. எந்தெந்த அலமாரியில், அதாவது டைரக்டரியில், புரோகிராம்களைத் தேட வேண்டும், எதை முதலில் தேட வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். அந்த ஃபைலின் பெயர் ஒரு புள்ளியோடு தொடங்கும். புள்ளியோடு தொடங்குவதால் சாதாரணமாக ஃபைல் பட்டியல் போட்டுப் பார்த்தால் கண்ணில் படாது. உள்ளே நுழையும் அந்த ஒரு தடவைதான் மிஷின் அதைப் படிக்கும். அப்புறம் நீங்கள் அதில் எதை மாற்றினாலும், வெளியே போய்த் திரும்ப நுழைகிற வரைக்கும் அது கண்டுகொள்ளாது.

இதை நான் கற்றுக்கொண்ட லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். மெட்ராஸில் பயிற்சி. உள்ளே நுழைந்ததும் 'வணக்கம் சரோஜா' என்று திரையில் வர வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. அந்த ஃபைலில் எழுதினேன். ஒன்றும் வரவில்லை. எழுத்துப் பிழையோ என்று இன்னொரு வரி எழுதினேன். வரவில்லை. ஆத்திரத்தில் கீழே கீழே எழுதிக்கொண்டே போனேன். சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி நுழைந்தபோது திரை முழுக்க வணக்கம் வணக்கம் என்று கொட்டியது. வகுப்பே சிரித்தது. எங்களுக்குப் பாடம் எடுத்தவர் மட்டும் சிரிக்கவில்லை. 'ஃபைல்ல இருக்கிறது வேற, இப்ப ஓடிட்டிருக்கிறது வேறம்மா' என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். எனக்கு அவமானம்தான் நினைவில் நின்றது. அவர் சொன்னது நிற்கவில்லை.

அடுத்த வருடம் என்னை ஜவ்வாது மலைக்குத் தூக்கிப் போட்டார்கள். எண்பதுகளின் நடுவில் இருக்கும். மலையில் பெய்யும் மழையை அளந்து, கீழே வெள்ளம் வரும் முன்பே சொல்வதற்காக ஒரு சின்ன நிலையம். நான் திருப்பத்தூர்க்காரி, மலை பக்கத்திலேயே இருந்தும் அதுவரை ஏறியதில்லை. நிலையத்தில் நாலு பேர். பொறுப்பாளர் ஒருவர், ஜீப்பும் அவரும் பாதி நாள் கீழேதான் இருப்பார்கள். புரோகிராம் எழுத வாணியம்பாடி அன்வர். என்னைவிடச் சின்னவர், அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே என் டீயையும் குடித்துவிடுவார். மழைமானிகளைப் பார்த்துக்கொள்ள, மலைக்காரரான சின்னசாமி. பிறகு நான்.

மூன்று மலை முகடுகளில் மூன்று மழைமானிகள். அவை வயர்லெஸ் மூலம் அனுப்புவதை எங்கள் மிஷின் வாங்கிக்கொள்ளும். 'மழை' என்று ஆங்கில எழுத்தில் தட்டினால், மூன்று முகடுகளிலும் எவ்வளவு பெய்திருக்கிறது என்று திரையில் வரும். அந்த வருடம் புரட்டாசிக்கு முன்னாலேயே மூன்றாவது மானியைக் கரடி பிய்த்துப் போட்டுவிட்டது. வயரைக் கடித்து இழுத்து, பெட்டியை உருட்டிவிட்டிருந்தது. புதுப் பெட்டி வேண்டுமென்று மேலே எழுதியிருந்தோம், அது வருகிறபோது வரட்டும் என்று விட்டுவிட்டோம். அதனால் மூன்றாவது மானிக்கு நேராகத் திரையில் எண் வராது, வெறும் கோடு ஒன்று வரும். மற்ற இரண்டும் நன்றாக இருந்தன.

எங்கள் சொல்லுக்காகக் காத்திருந்த ஒரு பஸ்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். சந்தவாசல் பக்கத்திலிருந்து எங்கள் மலைக்கு ஒரே பஸ். மத்தியானம் ஏறி வந்து, நிலையத்துக்கு எதிரே திரும்பி நின்று, உடனே இறங்கிப் போகும். அடிவாரத்தில் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு தரைப்பாலம். முதல் இரண்டு முகடுகளில் கொட்டுகிற தண்ணீர் அந்த ஆற்றில்தான் இறங்கும். கீழே வெயில் அடிக்கும், ஒரு சொட்டு இருக்காது, திடீரென்று பாலத்தின் மேல் தண்ணீர் வந்துவிடும். அதனால் மழைக்காலத்தில் கண்டக்டர் அடிவாரத்து மளிகைக் கடையிலிருந்து எங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

நிலையத்துக்குப் பொதுவாக மிஷினில் ஒரு பெயர் இருந்தது. திரையும் தட்டும் பலகையுமாக இரண்டு டெர்மினல்கள். பெரிய டெர்மினலில் அந்தப் பெயரில் உள்ளே நுழைந்தது நுழைந்ததுதான், யாரும் வெளியே வந்ததே கிடையாது. ஆள் மாறும்போது நாற்காலிதான் கைமாறும். கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கும். பொறுப்பாளர் அப்படித்தான் வைக்கச் சொல்லியிருந்தார். அன்வர் மட்டும் இரண்டாவது டெர்மினலில் தன் சொந்தப் பெயரில் நுழைந்து தன் வேலையைப் பார்ப்பார்.

இப்படிக் கோடை முடிந்து மழைக்காலம் வரை ஓடியது. அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

மிஷின் எங்களுக்கு வந்த பிறகு முதல் ஆயுத பூஜை. சின்னசாமி ஒற்றைக் காலில் நின்றார். கடப்பாரை, மண்வெட்டி, ஜீப்பு எல்லாவற்றையும் ஓய்வெடுக்கவிட்டு இதை மட்டும் ஓடவிட்டால் எப்படி என்பது அவர் கட்சி.

'ஏருக்கு லீவு, எருதுக்கு லீவு. இது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சுங்க? ஒரு ராத்திரி படுத்து எந்திரிக்கட்டுமே.'

வானம் பளிச்சென்று இருந்தது. பொறுப்பாளரும் சரி என்று சொல்லிவிட்டு ஜீப்போடு ஊருக்குப் போய்விட்டார். ஜீப்புக்குப் பூஜை அவர் வீட்டில். நாங்கள் முறையாக வெளியே வந்து, மிஷினை அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்தோம். டெர்மினலுக்கு மாலை போட்டது நான். எலுமிச்சம்பழம் நறுக்கிக் குங்குமம் தடவிக் கொடுத்தவர் அன்வர். வாசலில் சின்னசாமி பூசணிக்காய் உடைத்தார். பொரியும் கடலையும் தின்றுவிட்டுப் போய்ப் படுத்தோம்.

விடிந்ததும் நான்தான் மிஷினை எழுப்பினேன். நிலையத்தின் பெயரில் உள்ளே நுழைந்து 'மழை' தட்டினேன். மூன்று மானிக்கும் சுழியம். மூன்றுக்கும். கோட்டைக் காணோம்.

'மேடம், மூணாவது வந்துட்ச்சி பாத்தீங்களா?' என்று சின்னசாமி என் தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னார். 'நான் சொல்லல? படுத்து எந்திரிச்சா எல்லாம் சரியாப் பூடும்னு?'

'எலுமிச்சம்பழம் நறுக்குனது நானு. எனக்கும் அதுல பங்கு உண்டுண்ணே' என்றார் அன்வர்.

சிரித்தோம். நான் படித்தவள் அல்லவா, பூஜையால் வந்தது என்று ஒத்துக்கொள்வேனா? வயரில் ஈரம் இறங்கியிருந்திருக்கும், நாலு நாள் வெயிலில் காய்ந்து தானாகத் தொட்டுக்கொண்டிருக்கும் என்று ஒரு விளக்கம் கொடுத்தேன். அன்வரும் தலையாட்டினார். கரடி கடித்த வயர் காய்ந்தால் ஒட்டிக்கொள்ளுமா என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. என் விளக்கத்துக்குச் சின்னசாமியுடைய கற்பூரமே எவ்வளவோ தேவலை.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் சின்னசாமியின் வீட்டிலிருந்து ஆள் ஓடி வந்தது. அவர் மனைவி மல்லிகாவுக்கு நிறைமாதம். வலி கண்டுவிட்டது, ஆனால் குழந்தை குறுக்கே கிடக்கிறது, இங்கே வைத்துப் பார்க்க முடியாது என்று பிரசவம் பார்க்கும் அம்மாள் கையை விரித்துவிட்டாள். பஸ் வந்ததும் ஏற்றிக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டிலோடு அவளைத் தூக்கி வந்து எங்கள் நிலையத்துக்கு எதிரே புளியமரத்தடியில் இறக்கினார்கள். ஜன்னல் வழியாக எனக்கு அவள் முனகல் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள், கத்தவில்லை. சின்னசாமி உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

போன் வந்தது. கண்டக்டர்.

'இன்னாம்மா, மேல எப்படிக் கீது? வண்டிய எடுக்கலாமா?'

திரையைப் பார்த்தேன். சுழியம், சுழியம், சுழியம். 'எடுங்க, சீக்கிரம் வாங்க, ஒரு பிரசவக் கேஸ் இருக்கு' என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். கண் அந்த மூன்றாவது சுழியத்தில் போய் நின்றது. யார் சரி செய்தது அதை? சின்னசாமியா? இல்லை, அவர் அந்தப் பக்கமே போகவில்லை. நான்? நானும் இல்லை.

'ஒரு நிமிஷம் இருங்க. நானே கூப்பிடுறேன்' என்று வைத்துவிட்டேன்.

'இன்னாத்துக்கு மேடம்?' என்றார் சின்னசாமி.

அன்வரை அவர் டெர்மினலிலும் ஒரு தடவை 'மழை' தட்டிப் பார்க்கச் சொன்னேன். அவர் தன் பெயரில் நுழைந்து தட்டினார். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். அவர் திரையில் முதல் மானிக்கும் இரண்டாவது மானிக்கும் பெரிய பெரிய எண்கள். கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. மூன்றாவதற்குக் கோடு.

அதே மிஷின். அதே சொல். எனக்குச் சுழியம், அவருக்கு வெள்ளம். நான் திரும்பப் போய்த் தட்டினேன், சுழியம். அவர் தட்டினார், வெள்ளம். நான் எழுந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்து நானே தட்டினேன், வெள்ளம். எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. ஒரே தண்ணீரை இரண்டு குழாயில் பிடித்தால் ஒன்றில் வெந்நீரும் ஒன்றில் பச்சைத்தண்ணீரும் வருமா? மண்டை காய்ந்தது.

'அன்வர், வெள்ளம் வர்ற மாதிரி நீ ஒண்ணு எழுதி வெச்சிருக்கியே, அது ஓடுதா?' என்று கேட்டேன்.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. வெள்ளம் வந்தால் புரோகிராம் தாங்குமா என்று சோதிக்க, பொய் மழை பெய்ய வைத்துப் பார்ப்பது அன்வரின் வேலைகளில் ஒன்று. அவர் திரையில் எத்தனையோ தடவை ஊரே மூழ்கியிருக்கிறது.

'இல்லக்கா. அத நான் எடுத்துட்டேன்' என்றார். உடனே சேர்த்துக்கொண்டார். 'எடுத்துட்டேன்னுதான் நெனைக்கிறேன்.'

ஜன்னலுக்கு ஓடினேன். எங்கள் தலைக்கு மேல் வெயில். கிழக்கே முகடுகளின் பக்கம் கருத்திருந்தது. 'கருப்பா இருக்கே' என்றேன்.

'ஒரு வாரமா தெனம் இந்நேரத்துக்கு அப்படித்தான் கீது மேடம். ஒரு தூத்தலும் இல்ல' என்றார் சின்னசாமி. அவர் பொய் சொல்லவில்லை. ஒரு வாரமாக அப்படித்தான் இருந்தது.

போன் மறுபடி அடித்தது. ஜனங்கள் சத்தம் போடுகிறார்கள், அடிவாரத்தில் ஒரு சொட்டுக்கூட இல்லை, பாலம் காய்ந்து கிடக்கிறது, எடுக்கட்டுமா என்று கண்டக்டர் கேட்டார். ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே மல்லிகாவின் குரல் கொஞ்சம் உயர்ந்து அடங்கியது.

சின்னசாமி என் எதிரில் வந்து நின்றார். அதுவரை என்னிடம் உரத்துப் பேசியிராத மனிதர்.

'மேடம், அது ரெண்டு சொல்லுது. அது சொல்றது கெடக்கட்டும். நீங்க இன்னா சொல்றீங்க? என் பொண்டாட்டி அங்க கெடக்கிறா.'

பிள்ளைகளே, இந்தத் தொழிலில் என்னை யாரும் அவ்வளவு நேராகக் கேள்வி கேட்டதில்லை. பயந்துவிட்டேன். பஸ்ஸை வரச்சொல்லி, அன்வர் திரைதான் நிஜமென்றால், பஸ் தரைப்பாலத்தில் ஏறும் நேரத்துக்கு வெள்ளமும் அங்கே வந்து சேரும். ஏறும்போது தப்பினாலும் மல்லிகாவோடு இறங்கும்போது மாட்டும். பஸ்ஸை நிறுத்தி, என் திரைதான் நிஜமென்றால், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவளை நானே மரத்தடியில் போட்டுச் சாகடித்தவள் ஆவேன். எது நிஜம் என்று கண்டுபிடிக்க உட்கார்ந்தால் அரை நாள் ஆகும். என்னிடம் அரை நாள் இல்லை.

மழையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, சரி. எனக்குத் தெரிந்தது எது என்று யோசித்தேன். கரடி பிய்த்த வயரை நான் என் கையால் தூக்கிப் பார்த்திருக்கிறேன். அந்த மானி செத்துவிட்டது. அது ஒன்றுதான் அந்த அறையில் எனக்குச் சத்தியமாகத் தெரிந்த சங்கதி. அதைச் சரியாகச் சொல்வது அன்வரின் திரை. என் திரை அதில் பொய் சொல்கிறது. ஒன்றில் பொய் சொல்வதை மற்ற இரண்டில் எப்படி நம்புவது? அன்வரின் பொய் மழையும் மூன்றாவதற்குக் கோடுதான் காட்டுமோ என்ற சந்தேகம் இருக்கத்தான் செய்தது. அதைக் கேட்டுப் பதில் வாங்க எனக்குத் தைரியம் இல்லை.

'எடுக்காதீங்க. இன்னிக்கு வண்டி வேணாம்' என்று போனில் சொன்னேன்.

சின்னசாமி என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல மாட்டேன். 'அந்தக் கோட்டுக்காகவா மேடம்?' என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு வெளியே போனார்.

அன்வர் திடீரென்று செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். அவர் ஊர்க்காரர் ஒருவரின் லாரி, தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றப் பக்கத்து ஊருக்கு வந்திருந்தது. பட்டை ஏற்றி முடித்து மேற்குப் பக்கச் சாலை வழியாகத் திருப்பத்தூருக்கு இறங்கும். தரைப்பாலம் கிடையாது, ஆனால் சுற்று வழி, பள்ளமும் மேடுமான சாலை. அன்வர் போனபோது டிரைவர் எஞ்சினைக் கிளப்பிவிட்டாராம். பஸ் வருமென்று காத்திருந்தால் லாரியும் போயிருக்கும். மூட்டைகளை இழுத்துப் போட்டு இடம் பண்ணி, மல்லிகாவைக் கட்டிலோடு ஏற்றினார்கள். ஏற்றும்போது அவள் கண் திறந்து என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. சின்னசாமியும் ஏறிக்கொள்ள, லாரி குலுங்கிக்கொண்டே வளைவில் மறைந்தது.

பிறகு நானும் அன்வரும் மிஷின் முன்னால் உட்கார்ந்தோம். நான் வெளியே வந்து நுழைந்தேன், சுழியம். அணைத்து எழுப்பி நுழைந்தேன், சுழியம். 'அழிச்சு முதல்லேர்ந்து போட்டுடலாமா அக்கா?' என்றார். எதை அழிப்பது? எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நேற்று வரைக்கும் நன்றாக ஓடியது என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன கையோடு, மெட்ராஸில் திரை முழுக்கக் கொட்டிய வணக்கம் ஞாபகத்துக்கு வந்தது.

புள்ளி ஃபைலைத் திறந்தோம். கடைசி வரியில் இருந்தது. 'பயிற்சிக்கான புரோகிராம்கள் இருக்கும் அலமாரியை முதலில் பார்' என்று மிஷினுக்கு ஓர் உத்தரவு.

எனக்கு முன்னால் அன்வருக்கு ஞாபகம் வந்துவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டார். கரடி மானியைப் பிய்த்த அந்த வாரத்தில் மேலிடத்திலிருந்து சிலர் பார்வையிட வந்தார்கள். வருகிறவர்கள் முன்னால் அந்தக் கோடு வேண்டாம் என்று பொறுப்பாளர் சொன்னார். எங்களிடம் பழகுவதற்கென்று அதே 'மழை' என்ற பெயரில் இன்னொரு புரோகிராம் இருந்தது. மழையே இல்லாத நாளை அது காட்டும், மூன்று மானியும் ஆரோக்கியமாக, மூன்றுக்கும் சுழியம். அன்று ஒரு நாளைக்கு அதுவே முதலில் வரும்படி அன்வர் அந்த வரியை எழுதினார். இரண்டாவது டெர்மினலில் நிலையத்தின் பெயரில் புதிதாக நுழைந்து விருந்தாளிகளுக்குக் காட்டினோம். அவர்களுக்குக் காபி கொடுத்தது நான். போன பிறகு வரியை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம், பெரிய டெர்மினல் எப்போதும் போலக் கோட்டையே காட்டிக்கொண்டிருந்தது. அது பல மாதமாக வெளியே வராமல் உள்ளேயே இருந்ததால், அந்த வரியை அது படிக்கவே இல்லை. அன்வருடைய ஃபைல் தனி, அதில் அந்த வரி கிடையாது. நாங்கள் பயபக்தியோடு மிஷினை விட்டு வெளியே வந்து, மாலை போட்டு, மறுநாள், அந்த வரி எழுதிய பிறகு பெரிய டெர்மினலில் முதல் தடவையாக, முறைப்படி உள்ளே நுழைந்தோம். அது எழுதியிருந்ததைப் படித்தது, சொன்னபடி செய்தது.

அதைக் கண்டுபிடித்து, அந்த வரியை அழித்துவிட்டு நான் பெருமூச்சு விடுவதற்குள் போன் அடித்தது. கண்டக்டர். இந்தத் தடவை கேள்வி எதுவும் இல்லை.

'அம்மா, தண்ணி பாலத்து மேல போவுது. இப்பதாம்மா வந்துச்சு. ஒரு மரம் வேரோட உருண்டு போவுது.' பின்னால் தண்ணீர் இரைச்சல் கேட்டது. 'நீங்க எடுன்னு சொல்லியிருந்தா இந்நேரம் பிரசவக் கேஸோட திரும்பி எறங்கிக்கினு இருப்போம்மா' என்றார்.

நான் போனை வைத்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுததாக அன்வர் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். சந்தோஷம் எங்கிருந்து வரும்? லாரி எந்தப் பள்ளத்தில் நிற்கிறதோ, அவள் உயிரோடு இருக்கிறாளோ இல்லையோ, ஒரு தகவலும் இல்லை. மறுநாள் பொழுது சாயத்தான் சின்னசாமி திருப்பத்தூரிலிருந்து பேசினார். ஆபரேஷன் பண்ணி எடுத்தார்கள், பெண் குழந்தை, இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள். என்னிடம் வேறொன்றும் பேசவில்லை. அன்வரிடம் கொடுக்கச் சொல்லி, லாரிக்காரருக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

இப்போது நீங்கள் உட்காருகிற மிஷின்களில் நுழைவதற்கு ஏகப்பட்ட வாசல்கள். ஒரு வாசல் வழியாக வந்தால் அந்த ஃபைலைப் படிக்கும், இன்னொன்று வழியாக வந்தால் வேறொன்றைப் படிக்கும், நேரம் வைத்துத் தானாக ஓடுகிற வேலைகள் எதையுமே படிக்காது. அதையெல்லாம் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது ஒன்றுதான். கெட்டுப்போனது ஒன்று யாரும் தொடாமல் ஒரு நாள் காலையில் சரியாகிவிட்டால், பொரி கடலை தின்றுகொண்டு சிரிக்காதீர்கள். நாங்கள் சிரித்தோம். கெட்ட சேதி வந்தால் எல்லோரும் தோண்டித் துருவுவார்கள். நல்ல சேதியை யாரும் கேள்வி கேட்பதில்லை. அப்புறம், ஃபைலில் கை வைத்தால், கை வைத்த அன்றைக்கே வெளியே போய் உள்ளே வந்து பாருங்கள், வேறொருத்தர் அவசரத்தில் வந்து மாட்டும்படி விடாதீர்கள்.

அடுத்த வருடமும் ஆயுத பூஜை வந்தது. மூன்றாவது மானிக்குப் புதுப் பெட்டி வரவில்லை, எழுதிக்கொண்டே இருந்தோம். மாலை, பூசணிக்காய் எல்லாம் தயார். இந்தத் தடவை மல்லிகாவும் குழந்தையோடு வந்து கதவோரம் உட்கார்ந்திருந்தாள். லாரியில் ஏற்றும்போது என்ன சொன்னாள் என்று நான் கேட்டேன்.

'திட்டினேன்' என்றாள். 'நல்லா திட்டினேன். உங்க வம்சத்தையே திட்டினேன்.' சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டாள்.

மிஷினை அணைக்கக் கையை நீட்டினேன். சின்னசாமி கற்பூரத் தட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

'மொதல்ல என் எதிர்ல வெளிய போய்ட்டு உள்ள வாங்க மேடம். அப்பால அணைக்கலாம்.'

ஒரு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் வெளியே வந்து உள்ளே நுழைந்தேன். 'மழை' தட்டினேன். அவர் குனிந்து திரையைப் பார்த்தார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, ஆனால் எங்கே பார்க்க வேண்டுமென்று தெரியும்.

'மூணாவதுக்கு இன்னா வந்துகீது?'

'கோடு' என்றேன்.

'அப்ப சரி' என்று சொல்லிவிட்டுக் கற்பூரத்தை ஏற்றினார்.